கைக்கருவியில் பேச்சும் டேட்டாவும் அமைத்தல்

சம்பா நடவு முடிந்து சில வாரங்களுக்குள் மேலுரம் இடவேண்டுமென்பது ரயத்துகள் யாவரும் அறிந்த விஷயம். யூரியா வாங்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றால், மேஜைமேலுள்ள சிறு கருவி ஒன்று ரயத்தின் கைரேகை முதலிய அடையாளத்தை ஏற்று, தொலைவிலுள்ள கணக்கு நிலையத்திலிருந்து பதிலைப் பெற்று, ரசீது அச்சிட்டுத் தரவேண்டும். மூட்டை கிடங்கில் இருந்தும், பணம் கையில் இருந்தும், வண்டி வாசலில் நின்றும், கருவிக்குப் பதில் வராவிட்டால் ரயத்து வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். பருவம் தவறி இட்ட உரம் பயிருக்கு முழுப்பயன் தராது. ஆகவே கருவியின் குறை கடைசியில் களத்து நெல்லில் வந்து விடிகிறது.

இக்குறையிற் பெரும்பகுதி கருவி கெட்டுப்போனதால் நேருவதன்று; பருவத்துக்கு முன்னரே அதைச் சரியாக அமைத்துச் சோதித்து வையாததால் நேருவது. அமைக்கும் வேலை கால் மணி நேரத்துக்குள் அடங்குவது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. திருவள்ளூர் ஜில்லாவில், முக்கியமாய்க் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி ஆகிய எல்லைத் தாலுகாக்களில், இவ்விஷயத்தில் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அதையும் சேர்த்து ஈண்டு விளக்குவோம்.

கருவி செய்யும் வேலை

நமது ஜில்லாவிலுள்ள திரூரில்தான் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது. அந்நாளில் சங்கத்துக்கு வேண்டியவை ஒரு பேரேடும், ஒரு மைக்கூடும், நம்பிக்கையான காரியதரிசி ஒருவருமே. இன்று பேரேட்டின் இடத்தைக் கைக்கருவி பிடித்திருக்கிறது. உர மானியம் விற்பனைக் கணக்கைப் பொறுத்தே உரக் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்படும் என்னும் ஏற்பாடு 2018-ஆம் ஆண்டு மார்ச்சுக்குள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதுமுதல் கருவியில் பதியாத விற்பனை, விற்பனையாகவே கொள்ளப்படுவதில்லை.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் இத்தகைய கருவிக்கு வேலை உண்டு. பயிர் அறுவடைச் சோதனை நடக்கும் வயலின் இருப்பிடமும் படமும் விளைச்சல் அளவும் செல்பேசி அல்லது கைக்கருவி வாயிலாக அனுப்பப்படுகின்றன. அந்தச் சில வயல்களின் கணக்கைக்கொண்டே சுற்றுவட்டாரத்து ரயத்துகள் அனைவருக்கும் நஷ்டஈடு உண்டா, இல்லையா என்பது முடிவாகிறது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது, வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் வயல் வயலாகச் சென்று சர்வே எண்ணுக்கு நேராகப் பயிரின் படத்தைப் பதிந்தார்கள். கிராமக் கணக்கு எண் 2 ஆகிய அடங்கலில் முன்பு பேனாவால் எழுதிய விவரமே இப்பொழுது கருவி வழியாகச் செல்கிறது. கணக்கில் நெல்லுக்குப் பதில் தரிசு என்று விழுந்துவிட்டால், கொள்முதல் நிலையத்திலும் காப்பீட்டிலும் அதன் பலனை அனுபவிப்பவர் பட்டாதாரரே. ஆகையால் இதை உத்தியோகஸ்தர் வேலையென்று ரயத்துகள் ஒதுக்கிவிடலாகாது.

இரண்டு மதகுகள்

செல் முறை என்பது நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் நிறுத்தி, நடமாடும் கருவி அருகிலுள்ள டவரோடு பேசும்படி செய்வதாகும். இந்தியாவில் முதல் செல் பேச்சு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நடந்தது. முதலில் வந்தது பேச்சு. எழுத்து, கணக்கு, படம் முதலியவற்றை எடுத்துச்செல்லும் டேட்டா பின்னர் வந்து சேர்ந்தது.

இவ்விரண்டும் ஒரே டவரிலிருந்து வந்தபோதிலும் வெவ்வேறு சேவைகளாகும். ஒரே ஏரியிலிருந்து இரு மதகுகள் வழியாகப் பாயும் நீரை இவை ஒத்தவை. ஒரு மதகு திறந்திருப்பதால் மற்றதும் திறந்திருக்குமென்று கொள்ளலாகாது. "பேச முடிகிறது, மெஷினில் மட்டும் நெட் வரவில்லை" என்று கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். இதில் வியப்பொன்றுமில்லை. பேச்சு மதகு திறந்திருக்கிறது. டேட்டா மதகைத் திறப்பார் இல்லை என்பதே அதன் பொருள்.

கருவியைத் தேர்தல்

வயலிலும் கிடங்கிலும் புழங்குவதற்கென்றே உறுதியாகச் செய்த கைக்கருவிகள் சாதாரணச் செல்பேசியைவிடக் கனமானவை. தூசியையும் நீரையும் தாங்குபவை. 'ஐ.பி. 67' என்று கருவியின்மேல் குறித்திருந்தால், முதல் எண்ணாகிய 6 தூசி சிறிதும் புகாது என்பதையும், இரண்டாம் எண்ணாகிய 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதுபடாது என்பதையும் காட்டும். சிம் அட்டை, சார்ஜ் வாயில் ஆகியவற்றின் ரப்பர் மூடிகளை நன்றாக அழுத்தி மூடினால்தான் இந்தப் பாதுகாப்பு உண்டு. மூடி கிழிந்த கருவிக்கு அந்த எண் பெயரளவே.

கருவி எந்த அலைகளை ஏற்கும் என்பதை வாங்குமுன் கேட்டறிதல் அவசியம். நம் நாட்டில் நான்காம் தலைமுறைச் சேவைக்குப் பெரும்பாலும் 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பயன்படுகின்றன. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 700, 2100 ஆகியவற்றைக் கையாளுகிறது. அந்நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் சேவை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. எண் குறைந்த அலை தூரம் செல்லும். எண் மிகுந்த அலை சமீபத்தில் மிகுந்த வேகம் தரும். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டு மலிவு விலையில் வரும் கருவிகளிற் சில நம் ஊர் அலைகளிற் பலவற்றை ஏற்பதில்லை.

மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்ட பழைய கருவிகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஏர்டெல் 2020-ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்திவிட்டது. 2016-இல் தொடங்கிய ஜியோவுக்கு இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சேவைகள் முதலிலிருந்தே கிடையா. பழைய கருவியில் ஜியோ அட்டையைப் போட்டுவிட்டு டவர் இல்லையென்று குறைகூறுவதிற் பயனில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் உண்டு. பேசும் வசதியுள்ள கருவியில் நட்சத்திரக்குறி, கட்டக்குறி, 06, கட்டக்குறி என்று வரிசையாக அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதைச் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் உடனே எழுதிவைக்க வேண்டும். கருவி காணாமற்போனால், போலீஸில் புகார் கொடுத்து, மத்திய சர்க்காரின் 'சஞ்சார் சாத்தி' இணையதளம் வழியாக அந்த எண்ணை முடக்கலாம். இவ்வசதி 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ளது.

சிம் அட்டை

அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி. குமாஸ்தா தம் சொந்த அட்டையைக் கருவியிற் போட்டு உபயோகித்து வந்து, மாறுதலாகிப் போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு போவது பல இடங்களில் நேருவதே. மறுநாள் முதல் விற்பனை நின்றுவிடும். ஆதலால் அட்டையைச் சங்கம் அல்லது அலுவலகத்தின் பெயரிலேயே வாங்கவேண்டும். இவ்வாறு வாங்கும் இணைப்பிலும் அதை உபயோகிப்பவரின் அடையாளம் பதிவாகவேண்டுமென்று 2023-இல் விதி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஆள் மாறும்போது அந்தப் பதிவையும் மாற்றிவிட வேண்டும்.

அட்டைகளில் இரு வகை உண்டு. மனிதர் பேசுவதற்கானவை 10 இலக்க எண் உடையவை. யந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் இடையே டேட்டா மட்டும் செல்வதற்கானவை 13 இலக்க எண்ணுடன் வழங்கப்படுகின்றன. இரண்டாம் வகை அட்டையைப் போட்டுவிட்டுப் பேச்சு வரவில்லையென்று தேடுவது வீண். பேச்சும் வேண்டுமாயின் வாங்கும்போதே சொல்லி அதற்குரிய அட்டையைப் பெறவேண்டும்.

கருவியை முழுதும் அணைத்த பின்னரே அட்டையைச் செருக வேண்டும். ரகசிய எண் கேட்டால் ஊகித்து அழுத்தக் கூடாது. மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். திறக்க 8 இலக்கமுள்ள வேறோர் எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் அட்டை என்றென்றைக்கும் பயனற்றதாகிவிடும்.

இன்னொரு முக்கிய விஷயம். பழைய எண்ணுக்குப் புதிய அட்டை வாங்கினால், மோசடியைத் தடுக்கும் பொருட்டு, முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வருவதும் போவதும் நிறுத்திவைக்கப்படும். கருவிக்குள் நுழைவதற்கான ஒருமுறைக் கடவு எண் குறுஞ்செய்தியில் வருவதாயின் அன்று வேலை நடவாது. ஆகவே உரம் விற்கும் நெருக்கடி நாளில் அட்டையை மாற்றுவது கூடாது. வேலையில்லாத நாளாகப் பார்த்துச் செய்வதே விவேகம்.

பேச்சை அமைத்தல்

நான்காம் தலைமுறையில் பேச்சும் டேட்டா வழியிலேயே செல்கிறது. அதற்குக் கருவியின் 'அமைப்புகள்' பகுதியில் மொபைல் நெட்வொர்க்கின் கீழ் 'வோல்ட்டி' அல்லது '4ஜி அழைப்பு' என்றிருப்பதை இயக்க வேண்டும். அது இயங்காத கருவி, ஒவ்வொரு அழைப்பின்போதும் பழைய தலைமுறைக்கு இறங்கிப் பேசும். அப்பொழுது டேட்டா நின்றுவிடலாம். ரசீது பாதியில் நிற்க இது ஒரு காரணம்.

சில கருவிகளில் பேசும் வசதியை, கருவியை வழங்கிய இலாகாவோ கம்பெனியோ பூட்டி வைத்திருப்பதுண்டு. அதை உடைக்க முயலாமல் அவர்களிடமே கேட்கவேண்டும். அமைத்த பின் வெளியே ஓர் அழைப்பும், வெளியிலிருந்து ஓர் அழைப்பும் செய்து பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் நடந்தால் வேலை பாதிதான் முடிந்தது.

டேட்டாவை அமைத்தல்

முதலில் எண்ணுக்கு டேட்டாத் திட்டம் இருக்கிறதா, அதன் கெடு முடிந்துவிட்டதா என்று பார்க்க. 'ஸ்டார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை 1925 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி டேட்டாவைத் திறக்கச் சொல்லலாம். அடுத்துக் கருவியில் 'மொபைல் டேட்டா' என்பதை இயக்குக.

பிறகு கவனிக்கவேண்டியது ஏ.பி.என். எனப்படும் நுழைவிடப் பெயர். டேட்டா எந்த வாயில் வழியாக வெளியே செல்லவேண்டும் என்பதைக் கருவிக்கு அறிவிப்பது அதுவே. கடைச் செல்பேசிகளில் இது தானே அமைந்துவிடும். தொழிலுக்கென்று வரும் கைக்கருவிகளில் பல சமயம் வெறுமையாகவோ, வேறு நிறுவனத்தின் பெயரோடோ இருக்கும். பேச்சு வந்து டேட்டா வராமைக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவேயாகும்.

அமைப்புகள், மொபைல் நெட்வொர்க், ஏ.பி.என். என்று வரிசையாகச் சென்று புதிய பதிவைத் தொடங்க வேண்டும். 'பெயர்' என்ற இடத்தில் எதையும் எழுதலாம். 'ஏ.பி.என்.' என்ற இடத்தில் ஜியோவுக்கு 'ஜியோநெட்' என்றும், பி.எஸ்.என்.எல்.லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்றும், ஏர்டெலுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்' என்றும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவிலும் கடைசியிலும் இடம் விடாமல் எழுதவேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைச் சாதாரணமாய் வெறுமையாகவே விடலாம். 13 இலக்க அட்டைக்கும், இலாகா மூலம் வந்த அட்டைக்கும் தனி நுழைவிடப் பெயர் இருக்கக்கூடும். அதை வழங்கியவரிடம் எழுத்து மூலம் பெறுக.

எழுதியதைச் சேமித்த பின்னர், பட்டியலில் அப்பெயருக்கு நேரேயுள்ள வட்டத்தைத் தொட்டுத் தெரிந்தெடுக்க வேண்டும். பலர் சேமிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்; தெரிந்தெடுக்காத பெயர் இருந்தும் இல்லாததுபோலவே. கடைசியாகக் கருவியை அணைத்து மீண்டும் இயக்குக.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட வேண்டும். அலுவலகத்து வைஃபையில் கருவி ஓடுவதைக் கண்டு எல்லாம் சரியென்று எண்ணி, வயலுக்குப் போனபின் விழிப்பது வழக்கமாயிருக்கிறது.

எல்லைக் கிராமங்களுக்குத் தனிக் குறிப்பு

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. அந்த எல்லையே இன்று செல் சேவைக்கும் எல்லையாயிருக்கிறது. தமிழ்நாடு ஓர் உரிம வட்டம். ஆந்திரப் பிரதேசமும் தெலங்கானாவும் சேர்ந்து மற்றொரு வட்டம். ஆனால் வானில் செல்லும் அலைக்குச் சர்வே கல் தெரியாது. ஆரம்பாக்கத்து வயலில் நிற்கும் கருவிக்குத் தடா பக்கத்து டவரே வலுவாகக் கேட்கலாம். ஊத்துக்கோட்டையை அடுத்த நிலங்களுக்கு ஆந்திர டவர் நெருங்கியிருக்கலாம்.

தன் வட்டத்து டவர் மெலிந்தால் கருவி அயல் வட்டத்து டவரைப் பற்றிக்கொள்கிறது. அப்பொழுது அது தான் வெளியூர் சென்றுவிட்டதாகக் கருதலாம். இதற்கு ரோமிங் என்று பெயர். பல கருவிகளில், எதிர்பாராத செலவு நேராதபடி, ரோமிங்கில் டேட்டா தடுக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. பேச்சுக்கு அத்தடை இல்லை. ஆகவே ஒரே கிராமத்தில் கிழக்கு வயலில் டேட்டா வரும்; மேற்கு வயலில் வராது. கருவியையோ, அதை ஏந்தி நிற்பவரையோ குறைகூறுவது நியாயமன்று.

இதற்குப் பரிகாரம் மூன்று. ஒன்று, அமைப்புகளில் 'டேட்டா ரோமிங்' என்பதை இயக்கி வைத்தல். இப்பொழுது பெரும்பாலான திட்டங்களில் உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணமில்லை; ஆயினும் உங்கள் திட்டத்துக்கு உண்டா என்பதை நிறுவனத்தாரிடம் கேட்டுக்கொள்வது நலம். இரண்டு, சங்கத்து மேஜையைவிட்டு நகராத கருவிக்கு, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுத்தி, தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தெரிந்தெடுத்தல். வயலுக்குச் செல்லும் கருவிக்கு இதைச் செய்யலாகாது. அந்த டவர் மறைந்த இடத்தில் கருவி ஊமையாய் நின்றுவிடும். மூன்று, இரு அட்டைகள் ஏற்கும் கருவியாயின், இரு வேறு நிறுவனங்களின் அட்டைகளைப் போட்டு வைத்தல். ஒரு நிறுவனத்தின் டவர் எட்டாத வயலில் மற்றொன்று எட்டக்கூடும்.

இரும்புக் கொட்டகைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையிலும், தேர்வாய்க் கண்டிகையிலும், காக்களூரிலும் இரும்புத் தகட்டுக் கூரையும் சுவரும் கொண்ட கிடங்குகள் பல. உலோகத் தகடு செல் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். நமது உரக் கிடங்குகளிலும் தகட்டுக் கூரைகள் உண்டு. ஆகவே விற்பனை மேஜையைக் கிடங்கின் நடுவே போடாமல் வாசல் அல்லது ஜன்னல் ஓரமாகப் போடுவதாலேயே பல இடங்களில் தொல்லை நீங்கும். பெரிய கிடங்குகளில் உள்ளே வைஃபை, வெளியே செல் என்று இரண்டையும் ஏற்படுத்திக்கொள்வது வழக்கம். வசதியுள்ள சங்கங்களும் அவ்வாறு செய்யலாம்.

சிக்னலின் வலிமையைக் கண்மதிப்பாகச் சொல்லவேண்டியதில்லை. கருவியின் 'சிம் நிலை' என்னும் பக்கத்தில் அது டி.பி.எம். என்ற அளவில் கழித்தல் குறியோடு காட்டப்படும். நான்காம் தலைமுறையில் சுமார் 90-க்குள் இருந்தால் நன்று; 110-ஐத் தாண்டினால் டேட்டாவை நம்பமுடியாது. கிராமத்தில் எந்த இடங்களில் எவ்வளவு என்று ஒரு முறை நடந்து பார்த்து, புல வரைபடத்தின் ஓரத்தில் குறித்து வைத்தால் கணக்கெடுக்க வருபவருக்கு நாட்கணக்கில் உழைப்பு மிச்சமாகும். பேட்டைத் தொழிற்சாலைகளில் சரக்குக் கணக்கெடுக்கும் கருவிகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. அங்கு வேலைபார்க்கும் நம் கிராமத்து இளைஞர்களுக்கு இவ்வேலை பழக்கமானது. அவர்களுடைய உதவியைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

பதில் வராதபோது பார்க்கவேண்டிய வரிசை

1. விமானப் பயண நிலை தவறுதலாக இயங்குகிறதா? வைஃபை அரைகுறையாய்ப் பற்றியிருக்கிறதா?
2. தேதியும் நேரமும் சரியா? பாட்டரி முழுதும் இறங்கிய கருவி பழைய தேதியைக் காட்டலாம். தேதி தவறினால் பாதுகாப்பான இணைப்பைக் கணக்கு நிலையம் ஏற்காது. நேரத்தைத் தானே அமைத்துக்கொள்ளும்படி வைக்கவும்.
3. ஓர் அழைப்பு செய்து பாருங்கள். பேச்சும் இல்லையேல் அட்டை அல்லது டவர்க் குறை.
4. பேச்சு இருந்து டேட்டா இல்லையேல் திட்டக் கெடு, மொபைல் டேட்டா, ஏ.பி.என்., ரோமிங் என்ற இந்த வரிசையிற் பார்க்கவும்.
5. டேட்டா இருந்து, சங்கத்துச் செயலி மட்டும் பதில் தராவிட்டால் குறை கணக்கு நிலையத்தில் இருக்கலாம். கருவியின் அமைப்பை மாற்றவேண்டாம்.
6. மேலும் குறை நீடித்தால், அதே நிறுவனத்தின் எண்ணிலிருந்து 198-ஐ அழைத்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லிப் புகார் எண் பெற்றுக்கொள்ளவும்.

எந்நிலையிலும் கருவியை 'ஆதி நிலைக்குத் திருப்புதல்', செயலியை நீக்கி மறுபடி ஏற்றுதல் ஆகியவற்றில் இறங்கலாகாது. வயலில் எடுத்து இன்னும் அனுப்பப்படாத படமும் கணக்கும் கருவிக்குள்ளேயே தங்கியிருக்கும், அவையெல்லாம் அழிந்துவிடும். ஜிபிஎஸ் என்னும் இருப்பிடக் குறிப்பு வானிலுள்ள செயற்கைக் கோள்களிலிருந்து வருவதால் செல் டேட்டா இல்லாமலும் கிடைக்கும். நேரம் சற்று அதிகமாகும், அவ்வளவே. ஆகவே டேட்டா வராத வயலில், செயலி இடங்கொடுத்தால், பதிந்து வைத்துக்கொண்டு அன்று மாலையே சிக்னல் உள்ள இடத்திலிருந்து அனுப்பி, சேர்ந்ததற்கு அறிவிப்பு வந்ததா என்று பார்க்கவேண்டும்.

கருவியைச் சரிசெய்வதாகச் சொல்லி அறிமுகமில்லாதவர் தொலைவிலிருந்து அழைத்து, திரையைக் காட்டும் செயலி ஏற்றும்படியோ கடவு எண் சொல்லும்படியோ கேட்டால் இணங்காதீர்கள். மேற்சொன்ன எந்த வேலைக்கும் அவை தேவையில்லை. ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930-க்கு அழைத்துத் தெரிவிக்க வேண்டும்.

மழைக்காலத்து ஏற்பாடு

சம்பா மேலுரத்தின் காலமும் வடகிழக்குப் பருவமழையின் காலமும் ஒன்றே. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயலிலும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலிலும் சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் மின்சாரமும் அதைத் தொடர்ந்து செல் சேவையும் தடைப்பட்டன. டவர்கள் மின்சாரம் நின்றபின் பாட்டரியாலும் டீசல் யந்திரத்தாலும் சில காலமே ஓடும். புயல் அறிவிப்பு வந்ததும் கருவியையும் உபரிப் பாட்டரியையும் நிறையச் சார்ஜ் செய்து, நிலுவையிலுள்ள பதிவுகளை அனுப்பிவிட வேண்டும். நனைந்த வாயிலில் சார்ஜ் செருகக் கூடாது, உலர்ந்தபின் செருகுக.

சேவை நின்ற நாளில் வந்த ரயத்துகளுக்கு வரிசை எண் எழுதிய சீட்டுக் கொடுத்து, சேவை வந்தவுடன் அவ்வரிசைப்படியே வழங்குவது சங்கத்தாரின் கடமையெனக் கொள்ளலாம். தொலைவிலிருந்து வந்தவர் இரண்டாம் முறையும் கடைசியில் நிற்கவேண்டிய அவசியம் இராது. கருவிமேல் எழும் கோபம் குமாஸ்தாமேல் திரும்புவதும் குறையும்.

யார், எப்பொழுது செய்வது

நம் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னே, அதாவது பங்குனியிலும் ஆடியிலும் கார்த்திகையிலும் ஒரு நாளைக் கருவிச் சோதனைக்கென்று ஒதுக்கவேண்டும். சங்கத்துச் செயலாளரும், கிராம நிர்வாக அலுவலரும், உதவி வேளாண்மை அலுவலரும், ரயத்துகளில் இருவரும் கூடி, கருவி வழக்கமாய் நிற்கும் மேஜையிலும், கிராமத்தின் கோடியிலுள்ள வயலிலும் அழைப்பு ஒன்று, டேட்டா ஒன்று என்று செய்து பார்த்து முடிவைப் புத்தகத்தில் எழுதிவைப்பது போதும். அப்புத்தகத்தில் கருவியின் 15 இலக்க எண், அட்டையின் எண், அது யார் பெயரில் உள்ளது, திட்டக் கெடு முடியும் தேதி, ஏ.பி.என்., ரோமிங் நிலை ஆகிய ஆறு விவரங்களும் இருக்கவேண்டும். ஆள் மாறினாலும் புத்தகம் மாறாது.

மடை திறக்குமுன் வாய்க்காலைத் தூர்வாருவது நம் முன்னோர் வழக்கம்; தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுவதில்லை. கைக்கருவியும் இப்பொழுது அத்தகைய வாய்க்காலாகிவிட்டது. அதன் வழியாகவே உரம் வருகிறது, கணக்கு போகிறது, நஷ்டஈடு திரும்புகிறது. இந்தப் போகத்துக்கான சோதனை இன்னும் நடவாத கிராமங்களில், ரயத்துகளே சங்கத்தில் கேட்டு அதற்கு ஒரு நாள் குறிக்கச் செய்வார்களாக.